பொருத்தம் எதுவுமில்லை

தார்த்துவில் நவம்பர் என்றால் மூன்றரைக்கே இருட்டு.
எமயோகி ஆறு கறுப்பாகப் போகும், ஓசையில்லாமல்.
செவ்வாய்தோறும் ராய்வோ வருவான்
கழிவுநீர் நிலையத்திலிருந்து:
நீலப் பெட்டியில் ஆறு புட்டி,
வாசலில் பனி உதறிய பூட்ஸ்,
மாறாத ஒரே கேள்வி:
"இந்த வாரம் ஊர் என்ன சாப்பிட்டது, லேலோ?"
காபி, வலிமாத்திரை, முட்டைக்கோஸ் என்பேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான்.

தொண்ணூறாயிரம் பேர்
திரும்பிப் பார்க்காமல் விட்ட தண்ணீர்.
கருவி அதை நான்கே எழுத்தில் எழுதித் தள்ளும்,
நாலு கோடித் துண்டு,
தலையும் இல்லை வாலும் இல்லை.
அதற்குள் நாங்கள் தேடுவது
கடலில் கரைத்த பெருங்காயம்.

மோப்பம் பிடிப்பது என் வேலையல்ல.
பட்டியல் காப்பது.
மருந்தை வெட்டும் மரபணு, மருந்தை வெளியே இறைக்கும் மரபணு,
மருந்து தட்டும் கதவின் பூட்டையே மாற்றிவிடும் மரபணு.
ஒன்றுக்கே மூன்று பெயர், மூன்று தரவுத்தளங்களில்.
ஒன்றுக்கு யாரோ ஊர்ப்பெயர் வைத்தார்கள்; ஊர் கோபித்துக்கொண்டது.
ஒன்று வெறும் தட்டச்சுப் பிழை,
ஆறு வருடம் மரபணுவாக வாழ்ந்தது.
நான்தான் அழித்தேன்.
அழித்த அன்று ஏனோ சாப்பிடப் பிடிக்கவில்லை.

பத்துப் பொருத்தம் பார்ப்பதில்லை நாங்கள்.
ஒன்றே ஒன்று: நூற்றுக்கு எண்பது ஒத்திருக்க வேண்டும்.
எழுபத்தொன்பதரை வாசலில் நிற்கும்,
உள்ளே பெயர் கிடையாது.
எண்பது என்று யார் சொன்னது?
ஒரு கூட்டம். மதியம். பசி.
நானும் கை தூக்கினேன்.

நேற்றுப் புதிய பதிப்பு வந்தது.
எங்கோ ஒரு பன்றிப் பண்ணையின் சேற்றிலிருந்து
யாரோ பிரித்தெடுத்து, யாரோ சோதித்து,
இருநூற்றுப் பதினான்கு புதிய வரிகள்.
வழக்கப்படி பழைய கோப்புகளை மறுபடி ஓடவிட்டேன்.
வழக்கப்படி காபி போடப் போனேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச்.
ராய்வோவின் கிறுக்கல் கையெழுத்து.
நான்காம் புட்டி, அன்னெலின் பக்கத்துக் குழாய்.
நாலு கோடியில் பதினோரு துண்டு,
நூற்றுக்கு நூறு.

அதே வருடம் அக்டோபர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.
ஆண், ஐம்பத்தேழு, மரவாடித் தொழிலாளி, சிறுநீர், பிறகு இரத்தம்.
பெயர் எங்களுக்கு அனுப்பமாட்டார்கள்.
மருத்துவமனைத் தட்டு சொன்னது:
எந்த மருந்திலும் வளர்கிறேன்.
நாங்கள் சொன்னது:
பொருத்தம் எதுவுமில்லை.
இரண்டும் பொய்யல்ல.
பத்தொன்பதாம் நாள் இரண்டும் தேவைப்படவில்லை.

அவர் கோப்பையும் ஓடவிட்டேன்.
அதேதான்.
எழுத்துக்கு எழுத்து.

ஏழு மாதம்.
ஏழு மாதம் அது இந்த ஊரின் அடியில்
பாத்திரம் கழுவிய நீரோடு போய்க்கொண்டிருந்தது,
கிருமிக்குக் கிருமி கைமாற்றாக,
சீட்டில்லாமல், வட்டியில்லாமல்.
புட்டியில் வந்தது. என் மேசைக்கு வந்தது.
கோப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.
நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்திருந்தால்?
பதினோரு துண்டை வைத்து
யார் எந்தக் குழாயை அடைத்திருப்பார்கள்.
இப்படித்தான் நேற்றிலிருந்து
எனக்கு நானே வக்கீல்.

அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன்.
"எதுவுமில்லை" என்ற வரிக்கு முன்னால்
இரண்டே சொல் சேர்த்தேன்:
இந்தப் பதிப்பில்.
தலைவர் மார்குஸ் கேட்டார்,
"டாக்டர்கள் குழம்பமாட்டார்களா?"
குழம்பட்டும் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

இன்று செவ்வாய்.
ஆறு புட்டி, பனி, பூட்ஸ்.
"ஊர் என்ன சாப்பிட்டது?"
தெரியவில்லை என்றேன் முதல்முறையாக.
ராய்வோ பேனாவை மூடாமல் நின்றான்.
நான்காம் புட்டி மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது,
எப்போதும் போல.